பனிக்காலத்தில் பெங்களூரிலிருந்து மதுரைக்குப் புது வண்டியில்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெங்களூரில் வேலை பார்க்கும் தென்மாவட்டத்து இளைஞர்கள் பலருக்குச் சொந்தச் சம்பளத்தில் வாங்கிய முதல் மோட்டார் சைக்கிளிலேயே பொங்கலுக்கு ஊர் போய் இறங்க வேண்டும் என்ற ஆசை இருக்கும். பழைய வண்டிச் சந்தை அங்கே பெரியது என்பதால், மதுரை, திண்டுக்கல் பக்கத்திலிருந்து பேருந்தில் போய் வண்டி வாங்கி ஓட்டிக்கொண்டு திரும்புகிறவர்களும் உண்டு. தேசிய நெடுஞ்சாலை 44 வழியாக ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரி, சேலம், நாமக்கல், கரூர், திண்டுக்கல் கடந்து மதுரை வரை ஏறக்குறைய 430 கிலோமீட்டர். நான்குவழிச் சாலை, இருசக்கர வாகனங்களுக்குச் சுங்கக் கட்டணம் கிடையாது, வழி முழுக்க உணவகங்கள். கோடையில் இது பெரிய பயணமே அல்ல. மார்கழியிலும் தையிலும், கைக்குப் பழகாத வண்டியில் அதே சாலை வேறு ஒன்றாகிவிடுகிறது.

இந்தப் பயணத்தில் நேரும் தவறுகளில் பெரும்பாலானவை ஒரே வேரிலிருந்து கிளைப்பவை. வண்டி வாங்கிய நாளிலேயே ஊருக்குக் கிளம்புவதுதான் அந்த வேர். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தை மாதத்தில் நானே அதைச் செய்தேன். ஏழு வருடம் ஓடிய 350 சிசி வண்டி ஒன்றை மாலை 4 மணிக்குக் கையில் வாங்கி, 5 மணிக்கெல்லாம் ஓசூர் சாலையில் இருந்தேன். நகர நெரிசலைக் கடக்கும்போதே இருட்டிவிட்டது. சூளகிரியைத் தாண்டியபின் தேநீர்க் கடையொன்றில் நிறுத்தியபோது, பின்னால் வந்து நின்ற லாரி ஓட்டுநர் இறங்கி வந்து, “தம்பி, உங்க வண்டியில பின்னாடி லைட்டே எரியலப்பா. ரொம்ப கிட்ட வந்தப்புறம்தான் நீங்க போறதே தெரிஞ்சுது” என்றார். விற்றவர் அதைச் சொல்லவில்லை, நானும் பார்க்கவில்லை. அன்றிரவு கிருஷ்ணகிரியிலேயே தங்கினேன். அந்த ஓட்டுநருக்கு நான் பட்டிருக்கும் கடன் பெரிது.

ஆகவே வண்டியைக் கையில் வாங்கும் நாளுக்கும் கிளம்பும் நாளுக்கும் இடையில் குறைந்தது ஓர் இரவாவது இருக்கட்டும். அந்த இடைவெளியில் நகருக்குள்ளேயே 30, 40 கிலோமீட்டர் ஓட்டிப் பாருங்கள். கிளட்ச் எந்த இடத்தில் பிடிக்கிறது, முன் பிரேக்கை எவ்வளவு இழுத்தால் வண்டி நிற்கிறது, இண்டிகேட்டர் பொத்தானும் ஹாரன் பொத்தானும் கட்டை விரலுக்கு எங்கே எட்டுகின்றன என்பதெல்லாம் கை தானாகத் தேடிப் போகும் அளவுக்குப் பழகிவிட வேண்டியவை. கடும் பனியில் 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது குனிந்து பொத்தானைத் தேடும் ஒரு நொடியில், வண்டி 16 மீட்டருக்கு மேல் கடந்துவிடும்.

பழைய வண்டி என்றால் டயரின் வயதைப் பாருங்கள். டயரின் பக்கச் சுவரில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கங்கள் இருக்கும். 2319 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் தயாரானது என்று பொருள். கோடுகள் ஆழமாகத் தெரிவதால் மட்டும் டயர் நல்லதாகிவிடாது. அதிகம் ஓடாமல் நிறுத்தியே வைத்திருந்த வண்டியில், கோடுகள் தேயாமலேயே ரப்பர் இறுகிப்போயிருக்கும். இறுகிய ரப்பர் குளிர்ந்த, பனி ஈரம் படிந்த சாலையில் பிடிப்பதில்லை. பக்கச் சுவரில் மெல்லிய வெடிப்புகள் தெரிந்தால், பயணத்துக்கு முன்பே மாற்றிவிடுவது நல்லது. விற்பவரிடம் விலையைக் குறைக்கச் சொல்லிக் கேட்க அது நியாயமான காரணமும்கூட. காற்றழுத்தத்தை, வண்டி ஓடாமல் டயர் குளிர்ந்திருக்கும்போது பார்க்க வேண்டும். ஓடிச் சூடான டயரில் பார்த்தால் அளவு கூடுதலாகக் காட்டும்.

அதற்கடுத்து விளக்குகள், செயின், பிரேக் கட்டைகள், பேட்டரி. முன் பிரேக்கைப் பிடித்தாலும் பின் பிரேக்கை மிதித்தாலும் பின்விளக்கு பளிச்சென்று எரிகிறதா என்று வேறொருவரை நிற்கவைத்துப் பாருங்கள். குளிர்ந்த காலையில் முதல் முயற்சியிலேயே எஞ்சின் உயிர்பெறுகிறதா என்பதைக் கவனிக்க, ஓரிரவு வண்டி உங்களிடம் இருந்தாக வேண்டும். விற்பவர் நீங்கள் வருவதற்கு முன்பே எஞ்சினைச் சூடாக்கி வைத்திருந்தால் அந்தக் குறை தெரியாமலேயே போய்விடும்; சூடான எஞ்சினோடு ஒருவர் வண்டியைக் காட்டினால், நான் மறுநாள் காலையில் மறுபடி வருகிறேன் என்று சொல்லிவிடுவேன். பெட்ரோலும் பெரும்பாலும் அடிமட்டத்தில்தான் இருக்கும் என்பதால், கடையிலிருந்து நேரே பங்குக்குப் போவது நல்லது.

காகிதங்களின் விஷயத்தில் செய்யப்படும் தவறு, “ஊருக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்” என்பது. கர்நாடகப் பதிவெண் கொண்ட பழைய வண்டியைத் தமிழ்நாட்டில் உங்கள் பெயருக்கு மாற்ற, அது பதிவான வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் தடையில்லாச் சான்று, அதாவது படிவம் 28, வேண்டும். அதை உரிமையாளர்தான் விண்ணப்பித்துப் பெற முடியும். பணம் முழுவதையும் வாங்கிக்கொண்ட பிறகு அவர் உங்களுக்காக விடுப்பு எடுத்து அலுவலகத்துக்கு அலைவார் என்று எதிர்பார்க்க முடியாது. உரிமை மாற்றத்துக்கான படிவங்கள் 29, 30 ஆகியவற்றில் அவர் கையெழுத்திட்டிருக்க வேண்டும். வண்டி கடனில் வாங்கப்பட்டிருந்தால், கடன் முடிந்ததற்கான படிவம் 35உம் வங்கியின் கடிதமும் தேவை. நிலுவையில் உள்ள அபராதங்களைப் பதிவெண்ணை வைத்து இணையத்தில் பார்த்துவிடலாம். மூல ஆர்.சி.யையும், தேதியும் நேரமும் குறித்த விற்பனைக் கடிதத்தையும் பையில் வைத்துக்கொள்ளுங்கள். நேரம் எதற்கு என்றால், அந்த மணிக்கு முன் வண்டி செய்த எதற்கும் நீங்கள் பொறுப்பல்ல, அதற்குப் பின் செய்யும் எதற்கும் அவர் பொறுப்பல்ல என்று இருவருக்கும் அது சாட்சி.

காப்பீட்டில் பலர் ஏமாந்துபோகிறார்கள். மோட்டார் வாகனச் சட்டம், 1988இன் 157ஆம் பிரிவின்படி வண்டி கைமாறும்போது மூன்றாம் நபருக்கான காப்பீடு புதிய உரிமையாளருக்கு மாறியதாகவே கருதப்படும். அவர் 14 நாட்களுக்குள் காப்பீட்டு நிறுவனத்துக்கு விண்ணப்பித்துப் பெயரை மாற்றிக்கொள்ள வேண்டும். வண்டிக்கு நேரும் சேதத்துக்கான பகுதி அப்படித் தானாக மாறுவதில்லை. பனியில் விழுந்து வண்டி நொறுங்கினால், காப்பீட்டுச் சான்றில் முந்தைய உரிமையாளரின் பெயர் இருக்கும்வரை அந்தச் செலவு உங்களுடையதுதான். இதனாலும், கிளம்புவதற்கு முன் ஒரு நாள் அவகாசம் வேண்டும் என்கிறேன்.

ஷோரூமிலிருந்து வரும் புத்தம்புது வண்டிக்கு வேறு வகைக் கவலை. எஞ்சினுக்குள் பிஸ்டன் வளையங்களும் சிலிண்டர் சுவரும் ஒன்றோடொன்று உரசிப் படிந்து பொருந்துவது முதல் சில நூறு கிலோமீட்டர்களில்தான். நீண்ட, நேரான நான்குவழிச் சாலையில் ஒரே கியரில், ஒரே வேகத்தில் இரண்டு மணி நேரம் ஓட்டுவது அந்தப் பொருத்தத்துக்கு நல்லதல்ல. வேகத்தைக் கூட்டியும் குறைத்தும், கியரை மாற்றியும், எஞ்சினின் சுமை மாறிக்கொண்டே இருக்கும்படி ஓட்ட வேண்டும். ஆக்சிலரேட்டரை முழுக்க முறுக்கக் கூடாது. மேல் கியரில் மிக மெதுவாகப் போய் எஞ்சினைத் திணறவும் விடக் கூடாது. வண்டியோடு தரப்படும் கையேட்டில் முதல் 500 அல்லது 1,000 கிலோமீட்டருக்கு எவ்வளவு வேகம் என்று அச்சிட்டிருப்பார்கள். அதுதான் உங்கள் பயண நேரத்தை முடிவு செய்ய வேண்டும். பொங்கல் பானை பொங்கும் நேரம் அல்ல. புது டயரின் மேற்பரப்பும் முதல் 100, 150 கிலோமீட்டர் வரை வழவழப்பாகவே இருக்கும், பிரேக் கட்டைகளும் டிஸ்க் வட்டின் மேல் இன்னும் படிந்திருக்காது என்பதால், வளைவுகளில் சாய்ப்பதையும் முன் வண்டியை நெருங்குவதையும் அதுவரை தவிர்க்க வேண்டும்.

இப்படிப் பார்த்தால், புத்தம்புது வண்டியில் பெங்களூரிலிருந்து மதுரைக்கு ஒரே நாளில் வருவது என் கணக்கில் தவறுதான். பெங்களூரிலிருந்து சேலம் ஏறக்குறைய 200 கிலோமீட்டர். முதல் நாள் சேலத்தோடு நிறுத்திக்கொண்டு மறுநாள் மீதியை ஓட்டினால், மணிக்கொரு முறை பத்து நிமிடம் நிறுத்தி எஞ்சினை ஆறவிடவும் நேரம் இருக்கும், இரண்டு நாளும் வெளிச்சத்திலேயே ஓட்டி முடிக்கலாம். சிலர் முதல் சர்வீஸைச் சேலத்திலோ மதுரையிலோ முடித்துவிடத் திட்டமிடுகிறார்கள். முதல் சர்வீஸ் 500 கிலோமீட்டரை ஒட்டி வரும் வண்டிகளுக்கு, ஊர் சேர்ந்ததும் மதுரையில் செய்வது சரியாக அமையும். பதிவு முடியாத வண்டியை எக்காரணம் கொண்டும் சாலையில் இறக்கக் கூடாது. தற்காலிகப் பதிவு என்றால் அது எந்தத் தேதிவரை செல்லும் என்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, கிளம்பும் நேரம். நீண்ட பயணம் என்றால் விடியற்காலை 4 மணிக்குக் கிளம்புவது நம் வழக்கம். பேருந்துக்கும் காருக்கும் அது சரி. பனிக்காலத்தில் இருசக்கர வாகனத்துக்கு அதைவிட மோசமான நேரம் இல்லை. வடகிழக்குப் பருவமழை நின்றபின் மண்ணிலும் ஏரிகளிலும் ஈரம் மிகுந்திருக்கும். மேகமில்லாத, காற்றில்லாத இரவுகளில் தரை வேகமாகக் குளிர்ந்து, அதையொட்டிய காற்றிலுள்ள நீராவி பனிமூட்டமாகத் திரளும். ஓசூரும் பெங்களூரும் கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால், இரவு வெப்பநிலை 15 டிகிரியை ஒட்டி இருக்கும்; சில நாட்களில் அதற்கும் கீழே இறங்கும். சூரியன் உதித்ததும் மூட்டம் விலகிவிடும் என்று நினைப்பதும் பிழைதான். உதித்த பின் முதல் அரை மணி, ஒரு மணி நேரத்தில் அது இன்னும் அடர்ந்துபோவதைப் பல நாட்களில் பார்க்கலாம். காலை 8 மணி, மூட்டம் கடுமையாக இருந்தால் 8.30 மணி, என்பதே நான் பரிந்துரைக்கும் நேரம். பழகிய, நல்ல நிலையில் உள்ள வண்டியில் 8 மணிக்குக் கிளம்பினால், இடைவேளைகள் உட்பட 9 மணி நேரத்தில், மாலை 5 மணியளவில் மதுரையைத் தொடலாம். டிசம்பர், ஜனவரியில் அங்கே சூரியன் மறைவது 6 மணியளவிலோ அதற்குச் சற்றுப் பிறகோதான்.

குளிரைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். தைப் பனி தரையைத் துளைக்கும் என்பார்கள். ஓடும் வண்டியில் அது முதலில் விரல்களைத்தான் துளைக்கிறது. வெப்பமானி 10 டிகிரி காட்டும் ஒரு விடியலில், 80 கிலோமீட்டர் வேகக் காற்று மோதும் வெற்றுத் தோலுக்கு அது 4, 5 டிகிரிக் குளிரின் விளைவைத் தரும். நம்மவர்கள் ஸ்வெட்டர் ஒன்றைப் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். பின்னல் துணிக்குள் காற்று தாராளமாகப் புகும். நிற்கும்போது இதமாக இருக்கும் ஸ்வெட்டர், ஓடும்போது இருப்பதே தெரியாது. காற்றைத் தடுக்கும் ஒரு மேலுறை வெளியே இருந்தால்தான் உள்ளே இருக்கும் கம்பளிக்கு வேலை. வழியில் எதுவும் கிடைக்காத நெருக்கடியில், செய்தித்தாளை நான்காக மடித்துச் சட்டைக்கும் மேலுறைக்கும் நடுவே மார்பில் வைத்துக்கொள்ளலாம். பழைய ஆட்கள் செய்துவந்த இந்த உபாயம் உண்மையிலேயே பலன் தரும். கழுத்தையும் விட்டுவிடக் கூடாது. ஹெல்மெட்டுக்கும் காலருக்கும் இடையே திறந்து கிடக்கும் அந்த நான்கு விரல் இடம் வழியாக உடம்பு முழுவதும் குளிர்ந்துவிடும். ஒரு பருத்தித் துண்டை முனைகள் வெளியே தொங்காதபடி சுற்றி உள்ளே செருகிக்கொண்டால் போதும்.

குளிரால் வரும் ஆபத்து நடுக்கம் அல்ல. விரல்கள் மரத்துப்போய், பிரேக்கை எவ்வளவு அழுத்துகிறோம் என்ற உணர்வு கைக்குத் தெரியாமல் போவதே ஆபத்து. அந்த இரவில் கிருஷ்ணகிரிக்கு முன் எனக்கு நேர்ந்தது அதுதான். விரல் பிரேக் லிவரின் மேல் இருப்பது கண்ணுக்குத் தெரிந்தது, கைக்குத் தெரியவில்லை. புது வண்டியில் இது இரட்டிப்பு அபாயம். பழகிய வண்டியின் பிரேக்கை மரத்த விரலும் ஓரளவு நினைவில் வைத்திருக்கும். நேற்று வாங்கிய வண்டிக்கு அந்த நினைவே கிடையாது. சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் அமைப்பு இல்லாத பழைய வண்டியானால், அளவு தெரியாத ஒரே இழுப்பில் முன்சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்கிவிடும். ஆகவே விரலை மூடும் கையுறை கட்டாயம். ஆனால் லிவரை உணரவிடாத தடித்த கையுறையும் கூடாது. வாங்கிய கையுறையைப் போட்டுக்கொண்டு நகருக்குள் ஒரு முறை ஓட்டிப் பாருங்கள். கை மரத்தால் உடனே நிறுத்தி, கைகளை அக்குளில் வைத்துச் சூடேற்றுங்கள். மரத்த கையை எஞ்சின் மீதோ சைலன்சர் அருகிலோ வைப்பது தவறு. சூடு தெரியாத கை, வெந்த பிறகுதான் சொல்லும். குளிருக்காக மது அருந்துவது சட்டத்துக்குப் புறம்பானது என்பதோடு, உடலுக்கும் நேர் எதிரான வேலையைச் செய்கிறது. தோலின் இரத்தக் குழாய்களை விரித்து, சூடாக உணரவைத்தபடியே உடம்பின் வெப்பத்தை வெளியேற்றிவிடும்.

பனிமூட்டத்துக்குள் மாட்டிக்கொண்டால் செய்யக் கூடாதவை நான்கைந்து உண்டு. ஹெட்லைட்டை உயர்வெளிச்சத்தில் வைப்பது முதலாவது. நீர்த்துளிகளில் பட்டு வெளிச்சம் உங்கள் கண்ணுக்கே திரும்பி, முன்னால் ஒரு வெள்ளைச் சுவரை எழுப்பிவிடும். தாழ்வெளிச்சமே சாலையைக் காட்டும். ஓடும்போது நான்கு இண்டிகேட்டர்களையும் எரியவிடுவது இன்னொன்று. அதைப் பார்க்கும் பின்வண்டிக்காரருக்கு, நீங்கள் நிற்கிறீர்களா போகிறீர்களா, எந்தப் பக்கம் திரும்பப் போகிறீர்கள் என்பது தெரியாது. முன்னே போகும் லாரியின் பின்விளக்கைப் பிடித்துக்கொண்டு ஒட்டிப் போவது பாதுகாப்பாகத் தோன்றும். லாரி ஒரு பள்ளத்துக்காகவோ நின்ற வண்டிக்காகவோ சட்டென விலகும்போது, அந்தப் பள்ளமும் அந்த வண்டியும் உங்களுக்குத்தான் மிஞ்சும். இடது ஓர வெள்ளைக் கோட்டை வழிகாட்டியாகக் கொள்ளலாம். ஆனால் அதன் மேலேயே ஓட்டக் கூடாது. ஈரத்தில் அந்தப் பூச்சு வழுக்கும்.

கணக்காகப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். 60 கிலோமீட்டர் வேகத்தில், தடையைக் கண்டு கை பிரேக்கைப் பிடிப்பதற்குள் ஏறக்குறைய ஒன்றரை நொடியில் 25 மீட்டர் போய்விடும். அதன்பின் உலர்ந்த சாலையில் நிற்கவே இன்னும் 20 முதல் 25 மீட்டர் வேண்டும். 50 மீட்டருக்கு அப்பால் ஒன்றும் தெரியாத மூட்டத்தில் 60 என்பது, எல்லாம் சரியாக நடந்தால் மட்டுமே தப்பிக்கும் வேகம். 40 என்றால் 27, 28 மீட்டரில் நின்றுவிடலாம். அதற்கும் குறைவாகவே தெரிந்தால் ஓட்டுவதை விட்டுவிட வேண்டியதுதான். நிறுத்துவதாக இருந்தால், சாலையின் ஓரத்தில் விளக்கை எரியவிட்டு நிற்கக் கூடாது. பின்னால் வருகிறவர் அந்த விளக்கைப் பார்த்து அதுதான் பாதை என்று நேராக வந்துவிடுவார். பெட்ரோல் பங்கு, உணவகம், ஊருக்குள் இறங்கும் சர்வீஸ் சாலை என்று நெடுஞ்சாலையைவிட்டு முழுவதுமாக வெளியேறுங்கள். ஹெல்மெட்டின் கண்ணாடி மூச்சுக்காற்றில் மூடிப்போவதைத் தவிர்க்க, அதை ஒரு விரல் அளவு திறந்து வைத்திருந்தாலே பாதிக் குறை தீரும். ஓட்டிக்கொண்டே கையுறையால் துடைப்பதால் கீறல்தான் மிஞ்சும்.

தருமபுரிக்கும் சேலத்துக்கும் இடையே தொப்பூர்க் கணவாய் வருகிறது. சேலத்தை நோக்கி வரும் உங்களுக்கு அது இறக்கம். பாரம் ஏற்றிய லாரிகள் பிரேக் பிடிக்காமல் முன்னே நிற்பவற்றின் மேல் ஏறிய விபத்துகள் அங்கே திரும்பத் திரும்ப நடந்திருக்கின்றன. பெட்ரோலை மிச்சப்படுத்த நியூட்ரலில் உருட்டிக்கொண்டு இறங்குவது இங்கே உயிரோடு விளையாடுவது. கீழ் கியருக்கு மாற்றி எஞ்சினின் பிடிப்பில் இறங்கி, பிரேக்கை விட்டு விட்டுப் பயன்படுத்துங்கள். அதைவிட முக்கியமானது ஒன்று உண்டு. இறக்கம் முழுவதும் எந்தக் கனரக வண்டிக்கும் நேர் முன்னால் நீங்கள் இருக்கக் கூடாது. பக்கக் கண்ணாடியில் லாரி தெரிந்தால், பாதுகாப்பான இடத்தில் ஒதுங்கி அதைப் போகவிட்டு, இடைவெளி விட்டுப் பின்னால் வாருங்கள். புது வண்டியின் பக்கக் கண்ணாடிகளைக் கிளம்பும் முன்பே சரிசெய்திருக்க வேண்டும் என்பது இந்த இடத்தில் விளங்கும்.

சேலத்தைக் கடந்து சமவெளிக்கு இறங்கியதும் வெயில் ஏறும். காலையில் மாட்டிய அடுக்குகளைக் கழற்ற நிற்காமல் கரூர் வரை ஓட்டினால், உள்ளே வியர்த்து பனியன் ஈரமாகி, மாலையில் அதே ஈரம் குளிரைக் கூட்டும். மாற்று பனியன் ஒன்று பையில் இருக்கட்டும். மதியச் சாப்பாட்டுக்குப் பின் வெயில் இதமாக இருப்பதால் தூக்கம் வரும். அரை மணி நேரம் படுத்து எழுவது நேர விரயம் அல்ல.

இந்த மாதங்களுக்கே உரிய வேறு சிலவும் சாலையில் இருக்கும். ஆலைக்குக் கரும்பு ஏற்றிப் போகும் டிராக்டர்களின் பின்னால் பெரும்பாலும் விளக்கு இருப்பதில்லை. ஏற்றிய கரும்பு பெட்டிக்கு வெளியேயும் நீட்டிக்கொண்டிருக்கும். சபரிமலைக்குப் போய்த் திரும்பும் வேன்களின் ஓட்டுநர்களில் பலர் இரவெல்லாம் கண்விழித்தவர்கள். தைப்பூசத்தை ஒட்டிப் பழனிக்கு நடந்து செல்லும் அடியார்கள், திண்டுக்கல்லைச் சுற்றிய சாலைகளின் ஓரங்களில் மாலையிலும் இரவிலும் கூட்டம் கூட்டமாக நடப்பார்கள். திண்டுக்கல்லை அடையும்போதே இருட்டிவிட்டது என்றால், ஊர் 65 கிலோமீட்டர்தானே என்று முடுக்காமல் அங்கேயே தங்கிவிடுவேன். வீட்டில் காத்திருக்கிறார்கள் என்பதும் இந்தத் தவறுக்கு ஒரு காரணம். “எட்டு மணிக்கு வந்துவிடுவேன்” என்று அம்மாவிடம் சொல்லிவிட்டால், அந்த எட்டு மணி முதுகில் உட்கார்ந்து விரட்டத் தொடங்கிவிடும். இன்றைக்கோ நாளைக்கோ வருகிறேன் என்று மட்டும் சொல்லி, நிற்கும் இடத்திலெல்லாம் ஒரு முறை பேசிவிட்டால் போதும்.

ஊர் சேர்ந்த மறுநாள், வண்டியைத் தெருவில் உள்ளவர்களுக்கு ஓட்டிக் காட்டுவதற்கு முன் ஒரு மணி நேரம் அதனோடு உட்காருங்கள். புதுச் செயின் முதல் நீண்ட ஓட்டத்தில் தளரும். கையேட்டில் உள்ள அளவுக்கு அதை இறுக்கி எண்ணெய் விட வேண்டும். எஞ்சின் எண்ணெயின் மட்டம், சக்கர அச்சின் நட்டுகள், சைலன்சரின் போல்ட்டுகள், டயரில் ஏதேனும் ஆணி தைத்திருக்கிறதா என்பன எல்லாவற்றையும் பகல் வெளிச்சத்தில் பார்த்துவிடுங்கள். காப்பீட்டுப் பெயர் மாற்றத்துக்கான 14 நாளில் இரண்டு நாள் சாலையிலேயே போயிருக்கும். அந்த விண்ணப்பத்தைப் பொங்கல் விடுமுறை முடிந்ததும் அனுப்பிவிட வேண்டும். வேற்று மாநிலப் பதிவெண்ணோடு 12 மாதங்களுக்கு மேல் வண்டியை இங்கே வைத்திருக்கவும் சட்டம் இடம் தராது என்பதால், தடையில்லாச் சான்றைப் பீரோவில் வைத்து மறந்துவிடாமல் மதுரை வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் மறுபதிவுக்குக் கொடுத்துவிடுங்கள்.